பின்பால் மெஷினுக்கு மோட்டார்சைக்கிள் பல்பு

“பல்பு எண்பது மாற்றியாகிவிட்டது. நான்கு பழையதே. மாலை 5.40. அவர் ஆடினார். பார்க்க அழகு.”

மே பத்தாம் தேதி, சனிக்கிழமை, என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். பல ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று வரி எழுதி வைக்கிறேன்: மழை, சமையல், வந்து போனவர்கள், பழுதான பொருள்கள், படித்து முடித்த புத்தகம். தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருப்பவள் நான். தேதி போட்டு எழுதாத எதுவும் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. மே பத்து வரியில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அன்று நான் செய்த வேலைதான் தப்பு. அது தெரிய ஒரு மாதம் ஆனது.

பின்பால் மெஷின் என் கணவருடையது. ஜொகூர் பாருவில் ஒரு விளையாட்டுக் கூடத்தை மூடியபோது வாங்கி வந்தார். சாய்வான மேசை போன்ற ஒரு பெட்டி, மேலே கண்ணாடி. உள்ளே இரும்புக் குண்டு உருண்டு வரும். அது கீழே விழுந்துவிடாமல், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் துடுப்புகளைப் பொத்தானால் தட்டி மேலே திருப்பி அனுப்ப வேண்டும். குண்டு பட்ட இடத்தில் விளக்கு எரியும், மணி அடிக்கும், எண் ஏறும். பின்புறம் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் ஓவியக் கண்ணாடி ஒன்று உண்டு. நிலவின் மேல் குதிரை ஓட்டும் ஒரு பெண்ணின் படம்.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, குளித்து, தேநீர் குடித்து, ஐந்து மணிக்கு மெஷின் முன்னால் நிற்பார். ஒரு மணி நேரம். நாற்பது பிள்ளைகளின் கூச்சல் தலையிலிருந்து இறங்க அவ்வளவு நேரம் வேண்டும் என்பார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது.

எல்இடி பல்புக்கு மாற்றும் யோசனை முழுக்க என்னுடையது. பழைய பல்புகளின் சூட்டில் ஓவியக் கண்ணாடியின் பின்புறச் சாயம் உரியத் தொடங்கியிருந்தது. குதிரைக்கு ஏற்கெனவே வால் இல்லை. இன்னும் ஓராண்டு விட்டால் அந்தப் பெண்ணின் கையும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். எல்இடி சுடாது. இப்போதே நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் தயங்கினார். நான் விடவில்லை.

பல்பு கிடைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. சின்ன விரல் நுனி அளவு பல்பு, இரண்டு பக்கமும் சிறு முளை, அழுத்தித் திருகினால் பூட்டிக்கொள்ளும். டவுனில் நான்கு மின்சாதனக் கடைகளில் காட்டினேன். யாரும் பார்த்ததே இல்லை. ஐந்தாவதாக, எங்கள் தாமான் குடியிருப்பின் கோடியில் இருக்கும் மோட்டார்சைக்கிள் கடைக்காரர் பார்த்தவுடனே சிரித்தார். பழைய கப்சாய் பைக்குகளின் மீட்டருக்குள் எரிவது இதே அளவுதானாம். எல்இடியிலும் வைத்திருந்தார், அதுவும் ஆறு வோல்ட். மெஷினுக்கும் ஏறக்குறைய ஆறு வோல்ட்தான். அளவு சரி, வோல்ட் சரி, முளை சரி. மூன்றையும் சோதித்துவிட்டுத்தான் வாங்கினேன். அவரிடம் இருந்தது எண்பது. மெஷினில் எண்பத்து நான்கு. அதனால்தான் நான்கு பழையது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் குறிப்பு: “பழைய பல்பு 80, மறுசுழற்சி.” இன்றைக்கும் அந்த வரியைப் படித்தால் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது.

மே கடைசியில் அவர் ஆடுவது குறைந்தது. முதலில் அரை மணி நேரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஜூன் எட்டாம் தேதி, சாஆவில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் தொலைபேசியில் பேசினார். முன்பு இருவரும் ஒரே நிறுவனத்தில் பஸ் ஓட்டியவர்கள். அந்த மெஷின் மீது அவருக்கு நெடுநாளாக ஒரு கண். பேசி முடித்ததும் என் கணவர் சொன்னார்:

“இருபத்தெட்டாம் தேதி லோரி கொண்டு வர்றாரு. குடுத்துரலாம். எனக்கு அலுத்துப் போச்சு.”

நான் நம்பினேன். அலுப்பு எல்லாருக்கும் வருவதுதானே. ஜூன் இருபத்தெட்டு சனிக்கிழமைதானா என்று பார்த்து, அந்த நாளுக்கு ‘லோரி’ என்று எழுதி வைத்தேன். அந்த நண்பர் கடைசியாக வீட்டுக்கு வந்தது எப்போது என்று தேடிப் பின்னோக்கிப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. “அவருக்குத் தலைவலி, மாத்திரை.” அடுத்த பக்கத்திலும். அதற்கு முந்தின வாரத்தில் இரண்டு முறை.

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டேன். அவருக்கு ஒற்றைத் தலைவலி புதிதல்ல. ஆனால் ஜனவரியிலிருந்து மே பத்து வரை மூன்றே முறை. மே பத்துக்குப் பிறகு எட்டு. எட்டும் அவர் ஆடிய நாளின் இரவோ மறுநாள் காலையோ. நடுவில் சிகாமட்டில் ஒரு திருமணத்துக்காக ஐந்து நாள் போயிருந்தோம், அந்த ஐந்து நாளும் சுத்தம். அந்த எட்டில் இரண்டு காலைகளில் அவர் வண்டியை எடுக்கவே இல்லை. வேறு ஓட்டுநரைக் கெஞ்சி அனுப்பியிருந்தார். காரணம் வயிறு சரியில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதையும் நான் அப்படியே எழுதி வைத்திருந்தேன்.

தாளை அவர் முன்னால் வைத்தேன்.

“அலுப்பா, தலைவலியா?”

எட்டுத் தேதிகளையும் அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார்.

“நீ ஆசையா மாத்துன. நான் என்னத்த சொல்றது.”

மெஷினை விற்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே அலுத்திருந்தால் நானே லோரியில் ஏற்றிவிட்டிருப்பேன். ஆனால் அவருடைய ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது நான். இருபத்தெட்டாம் தேதிக்குள் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சாஆக்காரருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அதை மாற்ற மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். பழைய பல்புகளை மாட்டிவிடலாம் என்றால் எண்பதையும் நானே கொடுத்துத் தொலைத்துவிட்டேன், கடைகளிலும் கிடையாது. கடைசியில், தலைவலி வராமல் அவர் ஒரு முழு ஆட்டம் ஆடினால் மட்டும் நண்பரிடம் பேசுவதாக ஒத்துக்கொண்டார்.

விளக்கில்தான் கோளாறு என்றால் அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். எனக்கு எல்லாம் ஒழுங்காக எரிவதாகவே தெரிந்தது. ஜூன் பதினான்காம் தேதி காலை, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு மெஷினை மட்டும் ஓடவிட்டேன். கூட்டிக்கொண்டிருந்த ஈர்க்குமாறு கையில் இருந்தது. அதிலிருந்து ஒரு குச்சியை உருவி விளக்குக்கு முன்னால் வேகமாக ஆட்டிப் பார்த்தேன். சாதாரணமாக, ஆடும் குச்சி மங்கிய ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். அங்கே ஏழெட்டுக் குச்சிகள் விசிறிபோல் தனித்தனியாக நின்றன. விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்றுதானே அர்த்தம். குண்டை உருட்டிவிட்டுப் பார்த்தேன். அதுவும் கோடாக ஓடாமல், கோத்த மணிபோல் புள்ளி புள்ளியாக ஓடியது. ஒரு மாதமாக அவர் அந்த மணிக் கோவையைத்தான் துரத்திக்கொண்டிருந்தார்.

பல்பும் குச்சியுமாக மோட்டார்சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிட மூத்தவர், ஆனால் எல்லாப் பெண்களும் அவருக்கு அக்கா. நான் பல்பை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும். மெஷினுக்குள் வருவது ஏசி மின்சாரம் என்றதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அலமாக், அக்கா. பைக்ல இஞ்சின் குடுக்கறதும் ஏசிதான். நடுவுல ரெக்டிபையர் உக்காந்து டிசியா மாத்திதான் பல்புக்கு அனுப்புது. உங்க மெஷின்ல யாரு மாத்தறா?”

யாரும் இல்லை என்றேன்.

“அப்ப பல்பு பாதி நேரம் லீவுல இருக்கு லா.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஏசி மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. பழைய பல்பின் இழைக்குத் திசை முக்கியமில்லை. சூடேறிச் சிவந்து, ஆறுவதற்குள் மறுபடியும் சூடேறிவிடும். இந்த எல்இடி ஒரு திசையில் வருவதை மட்டுமே எடுத்துக்கொள்ளும், மற்றதற்கு அணைந்துவிடும். நொடிக்கு ஐம்பது முறை. நேராகப் பார்த்தால் தெரியாது. ஒரு மணி நேரம் அதன் முன் நிற்பவரின் தலைக்குத் தெரியும்.

ஏசியிலும் நடுங்காத பல்புகள் வெளிநாட்டில் விற்கிறார்களாம். வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாகும், அதற்குள் மெஷின் சாஆவில் இருக்கும். வீடு திரும்பும் வழியில் இன்னொன்று தோன்றியது. பைக் பல்பை மெஷினுக்குப் பழக்குவதைவிட மெஷினைப் பைக்காக மாற்றிவிடலாமே. அன்று மதியமே டவுனில் மின்னணு உதிரிபாகக் கடையில் கட்டியான ஒரு ரெக்டிபையரும், அதன் பின்னால் மேடு பள்ளத்தை நிரவிக் கொடுக்க பால் டின் அளவில் ஒரு கெப்பாசிட்டரும் வாங்கினேன்.

மெஷினின் விளக்குகள் இரண்டு வகை. நாற்பத்து நான்கு விளக்குகள் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், வீட்டு விளக்குபோல. மீதி நாற்பது ஆட்டத்தின் போக்கில் எரிந்து அணையும். ஏசியில் ஓடுவது முதல் வகை. பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த நாற்பத்து நான்குக்கும் போகும் வயரின் நடுவே ரெக்டிபையரையும் கெப்பாசிட்டரையும் பற்றவைத்தேன். பல்புகளை மாட்டுமுன் பிளக்கைச் செருகி அளந்தபோது மீட்டர் ஏழரை வோல்ட் காட்டியது. கடைக்காரரை அழைத்துக் கேட்டதற்கு, ஆறு வோல்ட் பைக்கும் ஓடும்போது ஏழைத் தாண்டும், பல்பு தாங்கும் என்றார்.

பல்புகளை மாட்டிப் பொத்தானைத் தட்டினேன். முப்பத்தைந்து எரிந்தன. ஒன்பது எரியவில்லை.

கழற்றி வேறு ஹோல்டரில் மாட்டினால் அதே பல்பு எரிகிறது. ஹோல்டரில் மின்சாரமும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தரையில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வயரைத் தொடர்ந்து போனபோதுதான் தெரிந்தது. எப்போதோ எவரோ அந்த ஒன்பது ஹோல்டர்களுக்கும் வயர் மாற்றியபோது இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார். ஏசியில் எந்த வயர் எங்கே போனாலும் கேள்வி இல்லை. டிசி ஆனவுடன் அந்த ஒன்பதும் தலைகீழ். அடுத்த வார இறுதி முழுக்க அவற்றைக் கழற்றி மாற்றிப் பற்றவைப்பதில் போனது. இடது கட்டைவிரலில் ஒரு கொப்புளம். இருபத்திரண்டாம் தேதி மாலை நாற்பத்து நான்கும் எரிந்தன. ஈர்க்குச்சியை ஆட்டினேன். ஒரே பட்டை. விசிறி இல்லை. அந்தக் குச்சியோடு வீடு முழுக்க நடந்து, சமையலறை விளக்கு, குளியலறை விளக்கு எல்லாவற்றையும் சோதித்தேன். எங்கள் வீட்டில் மெஷினைவிட நிதானமாக எரியும் விளக்கு வேறு இல்லை.

அவரை அழைத்தேன். பத்து நிமிடம் ஆடினார், நிறுத்தினார்.

“முக்காவாசி போயிருச்சும்மா. நடுவுல அம்பு மாதிரி இருக்கற லைட்டுங்க இன்னும் ஆடுது.”

இரண்டாம் வகை நாற்பது. ஆட்டம் ஓடாத நேரத்தில் நான் சோதித்ததால் அவை அணைந்திருந்தன, நான் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவை ஆரம்பத்திலிருந்தே டிசிதான், ஆகவே ரெக்டிபையர் பதில் இல்லை. இந்த நடுக்கமும் வேறு மாதிரி. ஒழுங்கான துடிப்பு இல்லை, காற்றில் மெழுகுவத்தி நடுங்குவதுபோல. கையில் இருந்தது ஆறு நாள்.

நான் கீழே குனிந்திருக்க, அவர் கண்ணுக்கு மேலே கையை மறைப்பாக வைத்து மெஷினை ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளிப் போகச் சொல்லியும் போகவில்லை.

“அந்த ரெண்டு மட்டும் ஆடலியே, பாரு.”

இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணையும் சோடி. திறந்து பார்த்தேன். ஒன்று எல்இடி. மற்றது பழைய பல்பு, பல்பு போதாமல் விட்டுவைத்த நான்கில் ஒன்று; மற்ற மூன்றும் முதல் வகையில் இருந்தன. பழைய பல்பு நடுங்காதது சரி, கூட இருக்கும் எல்இடி ஏன் நடுங்கவில்லை?

மெஷினோடு வந்த சுற்றுப்படப் புத்தகத்தின் நகலை இரண்டு நாள் மதிய உணவு இடைவேளையில் படித்தேன். இந்த வகை விளக்குகளுக்கு ஆளுக்கொரு சிறிய மின்சுவிட்ச் உண்டு. அது விழித்திருக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு மின்சாரம் தன் வழியாக ஓட வேண்டும். எல்இடி சிக்கனமானது, அவ்வளவு இழுக்காது. சுவிட்ச் கண் அயர்ந்துவிடும், எழுப்பினால் விழிக்கும், மறுபடி அயரும். ஒரே சுவிட்ச் உள்ள அந்தச் சோடியில் மட்டும் பழைய பல்பு தன் பங்கை இழுத்து இருவருக்குமாக அதை விழிக்க வைத்திருந்தது. அப்படியானால் ஒவ்வொரு எல்இடியின் பக்கத்திலும் கொஞ்சம் மின்சாரத்தை வீணாகக் குடிக்கும் ஒரு ரெசிஸ்டரை வைத்தால் போதும். அரிசியைவிடச் சற்றுப் பெரிய பொருள். நாற்பதில் அந்தச் சோடி போக முப்பத்தெட்டு.

ஜூன் இருபத்தைந்து, புதன்கிழமை, விடுப்பு எடுத்தேன். காலை எட்டரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முப்பத்தெட்டையும் பற்றவைத்து முடித்தேன். முடித்துக் கையை எடுக்கும்போது விளக்குப் பலகையின் இணைப்பான் மீது முழங்கை பட்டது. அது தளர்ந்து ஆடியது. கழற்றிப் பார்த்தால் ஊசிகள் கறுத்துப் பச்சை பூத்திருந்தன. நியாயமாக அதை அப்படியே விட்டு, ரெசிஸ்டர் மட்டும் போட்ட நிலையில் சோதித்து, எழுதிவிட்டு, பிறகுதான் அதைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் நான் கத்துவதுண்டு. ஆனால் மணி மூன்றேகால். ஐந்துக்கு அவர் வந்து நிற்பார். ஊசிகளைச் சுரண்டி, புதிதாக ஈயம் வைத்து, இறுக்கிப் பூட்டினேன்.

ஐந்து மணிக்கு அவர் ஆடினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கண்ணைச் சுருக்குவார், சுருக்கவில்லை. குண்டு கோடாக ஓடியது. அம்புகள் எரிந்தன, அணைந்தன, ஒன்றும் நடுங்கவில்லை. ஐந்து ஐம்பதுக்குக் குதிரைக்காரியின் மேலே இருக்கும் விளக்கு எரியும் அளவுக்கு வந்து தவறவிட்டார். ஒரு மணி நேரம் முடிந்தது. அவர் மெஷினை அணைத்தார். வலி வந்தால் இரவிலோ மறுநாள் காலையிலோதான் வரும்.

வியாழக்கிழமை மதியம் ஒன்று ஐம்பதுக்குத் தொழிற்சாலையில் என் தொலைபேசி அதிர்ந்தது. அவர்தான். வண்டியை நிறுத்திவிட்டேன், ஒன்றுமில்லை என்றார்.

“ஒண்ணுமில்லன்னா என்னாங்க?”

“தலைவலி ஒண்ணுமில்ல லா. சீக்கிரம் வா, அந்தக் குதிரை லைட்ட எரிய வெச்சுக் காட்டறேன்.”

அன்று எரிய வைத்தார். வெள்ளிக்கிழமை இரண்டு முறை. சனிக்கிழமை காலை எழுந்து தாமே தேநீர் போட்டார். தலை சுத்தமாக இருந்தது.

பதினொரு மணிக்கு வாசலில் லோரி நின்றது. முந்தின நாள் மாலை நண்பருக்கு அழைத்து விஷயத்தைச் சொல்வதாக அவர் சொல்லியிருந்தார். ஆட்ட மும்முரத்தில் அழைக்கவே இல்லை. சாஆக்காரர் கயிறும் பழைய போர்வைகளுமாக உள்ளே வந்தபோது என் கணவர் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார், குண்டு ஓடிக்கொண்டிருந்தது. வாங்க என்று நான்தான் சொன்னேன். நண்பர் கயிற்றை நாற்காலியில் போட்டார்.

“ஏன் மச்சான், விக்கிற சாமான ஓட்டிக் காட்டறியா? இல்ல காட்டிட்டு நீயே வெச்சுக்கறியா?”

என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“ரெண்டாவது.”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் தாளையும் ஈர்க்குச்சியையும் எடுத்து வந்து நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னேன். தாளை வாங்கிப் படித்தவர், பஸ் ஓட்டியபோதும் இவன் தலைவலியை மறைப்பான், நாங்கள் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிப்போம் என்றார். பிறகு தானும் ஆட வேண்டும் என்று கேட்டு, ஓர் ஆட்டத்துக்குரிய மூன்று குண்டுகளையும் ஒரு நிமிடத்தில் கோட்டைவிட்டார். விளக்கு சரியில்லை என்று அவர் சொன்னதற்கு என் கணவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“தங்கச்சி, காலி லோரியோட போனா வீட்டுல என்னைய உள்ள விடமாட்டா,” என்றார் கிளம்பும்போது. பின்கட்டில் ஓடாமல் கிடந்த துணி துவைக்கும் இயந்திரத்தையும் இரண்டு நாற்காலிகளையும் ஏற்றிவிட்டோம்.

இதை எழுதுவது ஆகஸ்டு பத்தாம் தேதி. ஜூன் இருபத்தைந்திலிருந்து இன்று வரை அவர் ஆடியது முப்பத்தேழு நாள். தலைவலி ஒரே ஒரு முறை, அதுவும் அவர் ஆடாத வாரத்தில். ரெக்டிபையர் பெரும்பகுதியைத் தீர்த்தது என்பதற்கு அவர் சொன்ன முக்கால்வாசிக் கணக்கு இருக்கிறது. மீதிக் கால்வாசியைத் தீர்த்தவை முப்பத்தெட்டு ரெசிஸ்டர்களா, ஊசி சுத்தம் செய்து இறுக்கிய இணைப்பானா என்பது தெரியவில்லை. ரெசிஸ்டர்களைக் கழற்றினால் விளக்கு எவ்வளவு நடுங்கும் என்பதைக் குச்சி காட்டிவிடும். அந்த நடுக்கம் அவர் தலை வரை போகுமா என்பதை, அவரை அதன் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வைத்தால்தான் அறிய முடியும். நிற்கத் தயார் என்று அவரே இரண்டு முறை சொன்னார். நான் செய்யப்போவதில்லை. குறிப்பேட்டில் ஜூன் இருபத்தைந்துக்கு எதிரே ‘காரணம்’ என்ற இடத்தில் இப்படித்தான் இருக்கிறது: இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும். உறுதி செய்யப்படவில்லை.